பச்சைக்குள் முள்

கஸ்தூரியார் வீதி, காலை ஒன்பது இருபது.
பாதி ஏறிய ஷட்டருக்குள் குனிந்து நுழைகிறேன்,
தோளில் தொங்குதராசு,
பையில் சீல் கம்பி, துணி, புது அட்டைகள்.

பத்மசீலன் நகைக்கடையில்
தீயணைப்பு உருளையின் கழுத்தில் குடை தொங்குகிறது.
ஆயுத பூசைக்கு அப்பிய சந்தனம்
அழுத்தமானியின் கண்ணாடியில் காய்ந்து வெடித்து
நாலு மாதமாய் அது குருடு.
நகத்தால் சுரண்டுகிறேன்.
பச்சையை விட்டு இறங்கி
முள் சிவப்பில் படுத்திருக்கிறது.
"கும்பிட்டனாங்கள்தானே, பிள்ளை."

கறுப்புப் பட்டிக்காரனுக்கு முள்ளே இல்லை.
உள்ளே இருப்பது கரியமில வாயு.
தராசில் தூக்கினால்தான் வாய் திறப்பான்.
முந்நூற்றைம்பது கிராம் குறைகிறது.
கதவைச் சாத்தாமல்
யாரோ வீட்டைவிட்டுப் போனதுபோல.

நீலப் பட்டியைத் தலைகீழாய்க் கவிழ்த்துக்
காதோடு வைத்துக் கேட்பேன்.
தூள் சரிந்தால் உயிர்.
சரியாவிட்டால் உள்ளே ஒரு கல்.

குருநகரில் அடியைத் தடவ வேண்டும்.
உப்பு அங்கேதான் முதலில் கடிக்கும்.
அருள்நேசனின் எஞ்சின் பட்டறையில்
மண்ணெண்ணெய்க்கென்று வைத்த நுரை உருளை
கையோடு செதில் செதிலாய் வருகிறது, மீன்போல.

மத்தியானம் திருநெல்வேலி, வடைக்கடை.
குணசோதி அக்காவின் முன்கையில்
கொதியெண்ணெய்க்குத் தண்ணீர் ஊற்றிய நாளின் தழும்பு.
மஞ்சள் பட்டியை மாட்டியபடி சொல்கிறேன்:
விறகு, கடதாசி ஏ. பெற்றோல் பி. காஸ் சி.
உலோகம் டி. உங்கடை தாச்சி எஃப்.
"ஈ எங்கை?"
கறன்ருக்கு எழுத்துக் குடுக்கேல்லை அக்கா,
மின்னல் படம் மட்டும்தான்.
சிரிக்கிறா.
"நெருப்பு எஃப் வரைக்கும் படிச்சிருக்கு.
நான் அஞ்சாம் வகுப்போடை நிண்டிட்டன்."

பின்னேரம், ஸ்ரான்லி வீதி.
இந்தக் கடை என் பட்டியலில் இல்லை.

இரண்டு வருசத்துக்கு முந்திய கார்த்திகை மழையில்
இங்கே துணிக்கடை இருந்தது.
"இன்சூரன்ஸ்காரன் நாளைக்கு வாறான்,
ஸ்ரிக்கரை மட்டும் ஒட்டிவிடுங்கோ."
கடைசி பஸ். நனைந்த சப்பாத்து.
தூக்காமல், கவிழ்க்காமல்
கையெழுத்து வைத்தேன்.

அதன்பிறகு இந்த வீதியால் போகும்போதெல்லாம்
முதலில் கூரையைப் பார்ப்பேன்.
எரியவில்லை.
அடுத்த கிழமையும் எரியவில்லை.
ஒன்றும் நடக்காததை
இவ்வளவு நாள் ஒருத்தி சுமக்கலாம் என்று
எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தரவில்லை.

இப்போது போன் கடை.
உருளை கதவுக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது.
"ஆர் அனுப்பினது, அக்கா?" என்கிறான் பெடியன்.
ஒருத்தரும் அனுப்பேல்லை.

அட்டையில் என் பெயர், மழையில் எழுதியும் தெளிவாக.
முள் பச்சைக்குள், நடுவிலே,
பரீட்சை எழுதும் பிள்ளைபோல் நேராக.
மூச்சு வந்தது.
பிறகு ஊசியைப் பிடித்து இழுத்தேன்.

வரவில்லை.
இரண்டு கையாலும், காலால் மிதித்தும்
வரவில்லை.
ஓட்டைக்குள்ளேயே துரு அதைத் தின்று
தானும் ஊசியாகிவிட்டிருந்தது.

"நல்லாத்தானே இருக்கு, பச்சை காட்டுது,"
என்கிறான் பெடியன்.
கதவு மெல்லச் சாத்திக்கொள்கிறது.