புதுப்பி

செக்காலை ரோட்டில் மருந்துக்கடைக்கு மேல்மாடி.
ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு இணையதளம் கேட்டார் சாத்தப்பன்.
முகப்பில் ஆத்தங்குடிப் பூக்கல் வேண்டும்,
அதன்மேல் எழுத்து வேண்டும் என்றார்.
பூக்கல்லின்மேல் எழுத்து நிற்காது,
கால்தான் நிற்கும் என்றேன்.
சிரித்தார். பூக்கல் போனது.

அடுத்து ஒரு சிவப்புக் கடிகாரம்.
'முழு உடல் பரிசோதனை, இன்னும் மூன்றே இடங்கள்'
என்று அது துடிக்க வேண்டுமாம்.
செய்யத் தெரியாதவளில்லை நான்.
போன ஆடியில் ஒரு சேலைக்கடைக்குச் செய்தேன்:
'இன்னும் இரண்டே உருப்படி.'
கிட்டங்கியில் நானூறு கிடந்தன.
எதிர்வீட்டுத் தேனம்மை நடுராத்திரியில் மூன்று வாங்கினாள்.
வந்து சேர்ந்ததும் என்னிடமே கொண்டுவந்து பிரித்தாள்,
'எப்படியோ பிடிச்சுட்டேன்' என்று.
நல்ல நிறம் என்றேன்.
வேறென்ன சொல்ல.

கல்லூரி நோட்டில் ஒரு முக்கோணம் இருக்கிறது.
அடியில் சோறு, தண்ணீர், தூக்கம்.
அதன்மேல் பயமின்மை.
அதன்மேல் நாலு பேர்.
அதன்மேல் அந்த நாலு பேர் வைக்கும் மதிப்பு.
நுனியில் என்னவோ; பேனா மை தீர்ந்திருக்கிறது.
எட்டு மார்க் கேள்வி.
அதை நம்பித்தான் இத்தனை வருஷம்
பொத்தான்களுக்கு நிறம் வைத்தேன்.

ஒரு விடிகாலை அங்கே போய் உட்கார்ந்து பார்த்தேன்.
பள்ளத்தூரிலிருந்தும் புதுவயலிலிருந்தும்
முதல் பஸ்ஸில் வெறும் வயிற்றோடு வருகிறார்கள்.
எதிரே இட்லிக்கடையில் ஆவி பறக்கிறது.
ஒரு தலையும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.
முக்கோணத்தின் அடிக்கல்லைத்
தாங்களே கழற்றிக் கொண்டுவந்து
மடியில் வைத்துக் காத்திருக்கிறார்கள்.

தளம் திறந்த பதினோராம் நாள்
வருகைக் கணக்கைப் பார்த்தேன்.
இரவு 2.40. ஒரு செல்போன். முடிவுகள் பக்கம்.
புதுப்பி.
2.41. புதுப்பி.
2.43.
2.43.
மூன்றரை மணிவரை முப்பத்தாறு தடவை.
ஒவ்வொரு தடவையும் நான் எழுதிய ஒற்றை வரிதான்
எழுந்து வந்து பதில் சொல்லியிருக்கிறது:
'நிலுவையில் உள்ளது.'

நிலுவை.
பேரேட்டுச் சொல்.
இந்த ஊர்க்காரியின் விரல் யோசிக்காமல் அடித்திருக்கிறது.
ஐம்பது நிமிஷம் அந்த ஆளைக்
கடன்காரர்போல் வாசலில் நிறுத்தியிருக்கிறேன்.

யாரென்று தெரியாது. தெரியவும் கூடாது.
கர்ப்பமா, கட்டியா, வெறும் சர்க்கரையா.
பக்கத்தில் தூங்குகிறவர் மேல் வெளிச்சம் படாமல்
போர்வைக்குள் வைத்துப் பார்த்தாரா.

பின்னணியை இருட்டாக்கினேன்.
எழுத்தைப் பெரிதாக்கினேன்.
அந்த வரிக்கு இரண்டு நாள் ஆனது.
'பயப்பட வேண்டாம்' என்று எழுதி அழித்தேன்,
எனக்கெப்படித் தெரியும்?
கடைசியில் இப்படி வந்தது:

'உங்கள் ரத்த மாதிரி எங்களிடம் பத்திரமாக இருக்கிறது.
காலை எட்டு மணிக்கு உமையாள் அதைப் பார்ப்பார்.
அதுவரை இந்தப் பக்கம் மாறாது.
தூங்கலாம்.'

வேலைக்காரப் பெண்ணின் பெயர் எதற்கு என்றார் சாத்தப்பன்.
உமையாளுக்கும் கூச்சம்தான்.
எட்டரைக்கு வந்துகொண்டிருந்தவள்
இப்போது ஏழே முக்காலுக்கு வந்துவிடுகிறாள்.

சிவப்புக் கடிகாரத்தை மட்டும் அவர் விடவில்லை.
வைத்துக்கொடுத்தேன்,
உள்ளே உண்மையான கணக்கோடு முடிந்துவிட்டு.
பெரும்பாலும் அது
'இன்னும் நாற்பத்தொரு இடங்கள்' என்று
பதறித் துடிக்கிறது.

நேற்று இரவு வேறொரு செல்போன்.
2.15. முடிவுகள் பக்கம்.
2.16. புதுப்பி.
அப்புறம் ஒன்றுமில்லை.
தூங்கிவிட்டாரா, போனில் சார்ஜ் தீர்ந்ததா.

மூன்று மணிவரை
வருகைக் கணக்கைப்
புதுப்பித்துக்கொண்டே இருந்தேன்.