இடதா, வலதா

செந்தூல் பழைய ஃபிளாட், கீழே பேட்மிண்டன் கோர்ட்.
வலைக் கம்பிகளில் இரண்டு வேட்டிகளைத் தைத்துக் கட்டி
வருடத்துக்கு மூன்று முறையாவது
அந்தப் பந்துப் படத்தைப் போடுகிறோம்.
அதற்கு ஒரு பேர் உண்டு, யாரும் சொல்வதில்லை.
'பதினோரு கோல்' என்றால் போதும்,
மாடியிலிருந்து நாற்காலிகள் இறங்கிவிடும்.

புரொஜெக்டர் என் பொறுப்பு.
முன்வரிசைக்கும் முன்னால் ஸ்டூலில் அதை வைத்து
திரைக்கு முதுகைக் காட்டி உட்காருவேன்.
ஆக, நான் பார்ப்பது படத்தை அல்ல,
வெளிச்சம் பட்டுத் திரும்பும் முகங்களை.
எந்த வசனத்துக்கு எந்த வரிசை சிரிக்கும் என்று
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

கோழிப்பிடி வருகிறான்.
கோல்கீப்பர். பந்தைத் துரத்தும் அழகுக்கு வந்த பேர்.
தமிழ் தெரியாத ஆ செங்தான் முதலில் வெடிப்பார்,
பட்டறை எண்ணெய் காயாத கையால் தொடையில் அடித்து.
அவரைப் பார்த்துப் பிள்ளைகள்,
பிள்ளைகளைப் பார்த்து மக்சிக் ரொகானி.
முதல் கோல், இரண்டாவது,
ஐந்தாவதில் யாருக்காவது கச்சாங் புரையேறும்.

நடுவருக்குப் பணம் கைமாறும் இடத்தில்
ஞானப்பிரகாசம் எழுந்து நின்றுவிடுவார்,
இருபது வருடம் லீக் ஆட்டங்களில் விசில் ஊதியவர்.
"அவன் வாங்கலப்பா, பாக்கெட்டுல திணிச்சிட்டானுங்க!
கை எங்க இருக்குன்னு பாருங்க!"
"தலை மறைக்குது, உக்காருங்க லா!"
ஒருமுறை நிறுத்தி, பெரிதாக்கிக் காட்டினேன்.
கை நீண்டுதான் இருந்தது.
அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை.
படத்துக்கு மட்டும் தவறாமல் வருகிறார்.

பரிமளம் அக்கா எதிரணிக்காரர்.
"மில்லுக்காரனுங்க ஒரு நாளாவது பயிற்சிக்குப் போனானுங்களா?
பேங்க்காரனுங்க விடியக்காலம் எழுந்து ஓடுறானுங்க.
ஓடினவன் ஜெயிச்சா உங்களுக்கு என்ன வலி?"
பகலில் ஆஸ்பத்திரித் தரை, இரவில் கடைக் கல்லா என்று நிற்பவர்.
மறுத்துப் பேச யாருக்கும் வாய் வராது.

தண்ணி தூக்கும் பையனுக்கு மட்டும்
ஏன் ஜெர்சி இல்லை என்று ஒரு வாண்டு கேட்டது.
ஜெர்சி இல்லையா?

போன சனிக்கிழமை தர்வீனா வந்திருந்தாள்.
நாலாம் படிவம். பள்ளி அணியின் கோல்கீப்பர்.
முந்தின வாரம் செத்தாப்பாக்கில் ஒன்பது வாங்கியவள்.
ஃபிளாட் முழுக்கத் தெரியும், வாட்சாப்பில் வந்தது.

ஆறாவது கோலில் சிரிப்பு கொஞ்சம் தயங்கியது.
ஏழில், ஆ செங் தூக்கிய கை
தொடைக்கு வராமல் அந்தரத்தில் நின்றது.
எட்டு. கொம்யூட்டர் ரயில் கடக்கும் சத்தம்.
ஒன்பதுக்கு ஒரே ஓர் ஆள் சிரித்தது.
தர்வீனா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு:
"இதேதான்! இதே மாதிரிதான் நானும் விழுந்தேன்!"
பத்துக்குக் கோர்ட்டே இடிந்தது.

அப்புறம் அந்தக் கடைசிப் பெனால்டி.
உதைப்பவன் ஓடி வர, கோழிப்பிடி கண்ணை மூட,
பாக்கெட் தேத்தண்ணியோடு நடந்த யாரோ
ஒயரில் இடறினார்கள்.
இருட்டு.

"இடது பக்கம் பாய்வான்."
"வலது."
"பாயவே மாட்டான், மூஞ்சியில பட்டுத் திரும்பும்."
"மூஞ்சி முதல் பாதியில, மறந்துட்டியா?"
வாய்ப்பாடு மாதிரி வசனம் ஒப்பிக்கும் கூட்டம்,
ஒருத்தருக்கும் நிச்சயமில்லை.
என்னைக் கேட்டார்கள்.
அந்த நொடியில் பின்வரிசை எழும்பும்,
மக்சிக் ரொகானி முக்காட்டால் வாயைப் பொத்துவார்.
எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கைப்பேசி விளக்குகள் ஒவ்வொன்றாய் எரிந்தன.
தர்வீனா செருப்பைக் கழற்றிவிட்டு
வேட்டிக்கு முன்னால் போய் நின்றாள்.
எங்கிருந்தோ ஒரு பந்து உருண்டு வந்தது.
ஞானப்பிரகாசம் சட்டைப்பையைத் துழாவி
விசிலை எடுத்தார். இத்தனை வருடம் அது அங்கேதான் இருந்திருக்கிறது.
பரிமளம் அக்கா கல்லாக்காரச் சீருடையில்
ஐந்து அடி எண்ணிப் பின்னால் போனார்.
ஆ செங் தர்வீனாவுக்கு ஜாடை காட்டினார்,
இரண்டு கையாலும், இரண்டு பக்கமும்.

பிளக் என் கையில் இருந்தது.
சொருகவில்லை.