ஏழரை

பீடோர் பசாரில் ஆறு மணிக்குத் தே ஓ.
ஏழுக்கெல்லாம் தார்ச்சாலை முடிந்து
செம்பனை முடிந்து
லோரி மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றுவிடும்.
அதற்கப்புறம் கால்தான்.

நாங்கள் நான்கு பேர்.
துளைக்கருவி சியூவின் தோளில்.
இணைப்புத் தண்டுகள் பா தீபோவின் முதுகில்.
நோர்லியா அதிகாரி, அவள் கையில் சரிவுமானி மட்டும்.
மண்ணின் நிறப் புத்தகமும் பாரமும் என்னிடம்.
பாரத்துக்குப் பெயரில்தான் எடை,
ஒரு தாள்.

சருகை ஒதுக்கினேன்.
விரல் தடிமனுக்குக் கறுப்பு.
அதில் ஒரு புழு,
வெளிச்சம் பிடிக்காமல் திரும்பிப் போனது.
கீழே பழுப்பு.
பக்கம் பக்கமாக மண்ணை வைத்து ஒப்பிட்டு
"ஏழரை" என்றேன்.
சிரித்தும்விட்டேன்.

மூவரும் நிமிர்ந்தார்கள்.
சீனத்திலும் மலாயிலும் செமாயிலும்
ஏழரை என்றால் ஏழும் அரையும்தான்.
சனியை இழுத்து விளக்கினால்
சிரிப்பு செத்துவிடும்.
எழுதிக்கொண்டேன்:
ஏழரை, ஐந்துக்கு ஆறு.

திருகினோம்.
அரை மீட்டரில் பல் நறநறத்தது.
சரளை.
புளியங்கொட்டை அளவு, கோழிமுட்டை அளவு,
வெள்ளை வெள்ளையாக.
சியூ சீனத்தில் திட்டினால் கல் கொஞ்சம் விலகுகிறது.
தமிழில் திட்டினால் இல்லை,
சோதித்திருக்கிறேன்.

தடையில்லாத பேச்சு சரளம்.
தடுக்கிற கல் சரளை.
வால் மட்டும்தான் வேறு.
இந்த மண் திக்கித் திக்கியே
மழையை உள்ளே விடுகிறது.

ஒரு மீட்டர். இணைப்பு.
இரண்டு. இணைப்பு.
மூன்றரையில் தண்டு தீர்ந்தது,
மலை தீரவில்லை.
பாரத்தில் ஒரு கட்டம்: பாறை எத்தனை ஆழத்தில்?
"எட்டவில்லை" என்று நிரப்பினேன்.
பாறையா எட்டவில்லை, நாங்களா,
அதற்குக் கட்டத்தில் இடமில்லை.

நோர்லியா துளைக்குள் ஒரு போத்தல் தண்ணீர் ஊற்றினாள்,
கடிகாரத்தைப் பார்த்தபடி.
பதினொரு விநாடி.
இன்னொன்று. ஒன்பது.
எங்களுக்குக் குடிக்க மிஞ்சவில்லை.

இவ்வளவு குடித்துவிட்டு, இந்தச் சரிவில்,
எப்படி விழாமல் நிற்கிறது?
வாய்விட்டே கேட்டுவிட்டேன்.
பா தீபோவுக்கு என் வயதுதான், அவனும் யோசித்தான்.
பாராங் முனையால் மண்ணை விலக்கினான்.
மணிக்கட்டுத் தடிமனில் ஒரு வேர்
கற்களைப் பிடித்திருந்தது,
சந்தைக் கூட்டத்தில் பிள்ளையின் கையைப் பிடிப்பது மாதிரி,
இறுக்கி,
ஆனால் திரும்பிப் பார்க்காமல்.

சரிவுமானி இருபத்தெட்டு பாகை காட்டியது.
இருபத்தைந்தைத் தாண்டினால்
எங்கள் வரைபடத்தில் மண்ணுக்குப் பெயர் கிடையாது.
ஒரே சாம்பல் நிறம்,
செங்குத்து நிலம் என்று இரண்டு சொல்.
இத்தனை காலம் மலை பிழைத்தது
யாரும் அதைப் படிக்காததால்.

மூன்று மணிக்கு முதலாளி போன்.
அவருக்கு டுரியான் நட வேண்டும்.
நோர்லியா ஒலிபெருக்கியில் போட்டாள்,
எல்லோரும் கேட்கட்டும் என்று.
"இன்னொரு தடவை பாருங்க, இருபத்துநாலுதான் இருக்கும்.
கொஞ்சம் கீழ நின்னு பாருங்க."

கீழே நின்று பார்த்தேன்.
பழைய தோட்டத்து லயத்தின் தகரத்தில் வெயில்.
குணசீலனின் டயர் கடை.
கடைக்குப் பின்னால் கால்வாய்,
மழை விட்டு நாலு நாளாகியும்
தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது.
அது எங்கிருந்து வருகிறதென்று
அவன் கேட்டதில்லை.
அங்கேயே டயர் மாற்றக் காத்திருந்த நானும்தான்.

நோர்லியா சரிவுமானியை என்னிடம் நீட்டினாள்.
ஒரு கண்ணை மூடினேன்.
இருபத்தொன்பது.
அதையும் எழுதினேன், அவள் கையெழுத்திட்டாள்.
தாள் நாளை ஈப்போவுக்குப் போகும்.
அங்கே யார் எந்த எண்ணைப் படிப்பார்களோ.

ராத்திரி துணி மெஷின் கடகடவென்று திக்கியது.
சட்டைப்பையில் ஒரு சரளைக் கல், மறந்திருக்கிறேன்.
"என்ன ஏழரை இது?"
அடுக்களையிலிருந்து அமலதாசன் கத்தினார்.

நிறப் புத்தகம் பார்க்காமலே
சரியாகச் சொல்லிவிட்டார்.