ஒப்பீட்டுக்கு வந்தவள்

கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் எங்கள் மூவருக்கும்
வேறு வேறு நிறத்தில் அட்டை கொடுத்தார்கள்.
தம்பி சிவக்கொழுந்துக்கு மஞ்சள்: நோயாளி.
எனக்கு வெள்ளை: உடன்பிறந்தவர்.
கண்ணாடி மாற்ற வந்து, பெஞ்சில் சும்மா இருந்ததற்காகவே
கூட்டிவரப்பட்ட முத்தியால்பேட்டை சவரிராயனுக்கு
நீலம்: உறவில்லாதவர்.
அவர் அதை இரண்டு முறை வாசித்துவிட்டு
"யாருக்கு?" என்றார்.

கேள்வித்தாள் பதினோரு பக்கம்.
குடித்தது கிணற்றுத் தண்ணீரா, குழாய்த் தண்ணீரா?
கிணறு. ஒரே கிணறு, ஒரே ராட்டினம்.
பயிருக்கு மருந்து அடித்தது உண்டா?
முந்திரித் தோப்பில் அவன்தான் முதுகில் டப்பா கட்டி அடித்தான்.
நான் வாளியில் கலக்கிக் கொடுத்தேன்,
குச்சி கிடைக்காத நாளில் கையால்.
"அஞ்சலாட்சியம்மா, நீங்க அடிச்சீங்களா?"
கலக்கியவளுக்கு அதில் கட்டம் இல்லை.
'இல்லை'யில் டிக் விழுந்தது.

பிறகு சுருள் வரையச் சொன்னார்கள்,
நடுவிலிருந்து வெளியே, கொசுவர்த்தி மாதிரி.
சவரிராயன் வரைந்தது கொசுவர்த்தி.
என்னுடையதும்.
தம்பியுடையது வெளியே வரவேயில்லை,
மிளகளவுக்குள் நடுங்கி நடுங்கிச் சுற்றியது.
"உனக்குச் சின்ன வயசிலேயே பொடி எழுத்துதானேடா" என்றேன்.
பொய்.
தேர்தலுக்குத் தேர்தல் பண்ருட்டிச் சுவர்களில்
ஆள் உயரத்துக்கு எழுத்து எழுதியவன்.
பென்சிலைப் பிடுங்கி நானே வரைந்துவிடாமல் இருந்ததுதான்
அன்றைக்கு நான் செய்த பெரிய வேலை.

கடைசியில் வாசனைப் பரீட்சை.
நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்க்கப் பன்னிரண்டு சீட்டு.
வாழைப்பழம் வந்த மாதிரி இருந்தது. சோப்பும்.
ஏழாவதில் ஒன்றுமில்லை.
இன்னொரு தரம் சுரண்டினேன்.
காகிதம்.
ஒன்பதாவதும் காகிதம்.
டாக்டர் பெண் போன் பேச வெளியே போனாள்.
சவரிராயன் தன் தாளை என் பக்கம் நகர்த்தினாரோ,
மின்விசிறிதான் நகர்த்தியதோ, தெரியாது.
கிராம்பு என்றிருந்தது.
நானும் கிராம்பு என்று போட்டேன்.
ஐம்பத்தேழு வயதில் முதல் காப்பி,
அதுவும் உறவில்லாதவரிடம்.

"அக்காவுக்கு எல்லாம் நார்மல்."
தம்பி முகத்தில் எதுவும் அசையவில்லை,
இப்போதெல்லாம் அசைவதில்லை.
ஆனால் என் முந்தானையைப் பிடித்திழுத்து
"தப்பிச்சே" என்றான்.

கடலூர் பஸ்ஸில் தவளக்குப்பம் தாண்டித் தூங்கிப்போனான்.
தூங்கினால் அந்தக் கை நின்றுவிடும்,
கூலி வாங்கிவிட்ட கை மாதிரி மடியில் கிடக்கும்.
கன்னிக்கோயிலில் கருவாட்டுக் கூடையோடு ஒருத்தி ஏறினாள்.
ஜன்னலைத் திற என்றார்கள், துண்டால் மூக்கைப் பொத்தினார்கள்.
கண்டக்டர் இறக்கிவிடுவேன் என்றார்.
யாரும் முகம் சுளிக்காத இடம் பார்த்து
அவள் எங்கள் இருக்கையோரம் வந்து நின்றாள்.
பெண்ணையாற்றுப் பாலம் வரை
கூடை என் முழங்காலில் இடித்துக்கொண்டே வந்தது.
"ஒண்ணும் தொந்தரவில்லையேம்மா?"

குனிந்து ஒரு தரம் இழுத்துப் பார்த்தேன்.
இன்னொரு தரம்.

"இல்லை" என்றேன்.