பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே

லாபிசில் நகைக்கடைக்கு மேல்மாடி,
மிஸ்டர் கோவின் வக்கீல் ஆபிஸ்.
தட்டச்சுக்குச் சம்பளம் எனக்கு;
மொழிபெயர்ப்பு இனாம்.

"இந்த இரண்டு சொல்லையும் தமிழில் போடு,
எஸ்டேட் ஆட்கள் மூன்று மணிக்கு வருவார்கள்"
என்றுவிட்டு மீ சாப்பிடப் போனார்.

யூசுஃப்ரக்ட்.
எஸ்சீட்.

முதல் சொல்லுக்கு அகராதி சொன்னது:
அடுத்தவர் உடைமையை ஆண்டுகொள்ளலாம்,
பலனைத் தின்னலாம்,
உடைமைக்கு ஊறு வராமல்.
அனுபவ பாத்தியம் என்று தட்டினேன்.

இரண்டாவதற்கு:
வாரிசில்லாமல் செத்தவர் சொத்து
அரசுக்குத் திரும்புதல்.

அந்தத் திரும்புதலில் விரல் நின்றுவிட்டது.
கிளம்பிய இடத்துக்குத்தானே
ஒன்று திரும்பும்?
கன்னியப்பன் கணக்கில் கிடக்கும்
நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு வெள்ளி
அரசாங்கத்திடமிருந்து
எந்தப் பஸ்ஸில் கிளம்பியது?

மூணாம் லைன், கடைசி வீடு அவர்.
கட்டவில்லை, பெறவில்லை.
ஒரு சைக்கிள், ஒரு நெற்றிவிளக்கு,
பின்வாசலில் கம்பெனி மண்ணில்
அவர் நட்ட ரம்புத்தான்.

அகராதி அடியில் பொடி எழுத்து:
ஏமாற்றுவதற்கு இங்கிலீஷ்காரன் வைத்த பெயர்
இந்த எஸ்சீட்டின் வயிற்றில்தான் பிறந்ததாம்.
என் காதுக்கு அது வெறும் சீட்டு.
முப்பது நாளில் காலி செய் என்று
கதவுக்குக் கதவு ஒட்டினார்களே,
அந்தச் சீட்டு.

மூன்றரைக்கு வந்தார்கள். பதினோரு பேர், நாலு நாற்காலி.
முன்னால் ரெங்கம்மா,
என்னோடு ஆறாம் வகுப்பு வரை வந்தவள்;
செம்பனை வருவதற்கு முன்
இருநூற்றைம்பது மரம் வெட்டியவள்.

முதல் சொல்லைப் படித்துக் காட்டினேன்.
"பட்டையச் சீவு, பால எடு,
கட்டையில கத்தி படாத.
இதானே?
இதுக்கா இவ்ளோ பெரிய இங்கிலீஷ்?"
யாரோ சிரித்தார்கள்.
"நாங்க கத்தி பட வெட்டுனா
மண்டோர் அன்னிக்குச் சம்பளத்தப் பிடிப்பான்.
இப்ப மொத்தத்தையும் வேரோட சாய்க்கிறான்.
அவன் சம்பளத்த யார் பிடிக்கிறது?"

அதற்குத் தாளில் இடமில்லை.
"சரி, ரெண்டாவது?" என்றாள்.
நான் பிரிண்டரைப் பார்த்தேன்.

கோப்பின் மேலே ஒரு பிளாஸ்டிக் பை,
ரம்புத்தான், காம்பும் எறும்புமாக.
மிஸ்டர் கோ பல் குத்திக்கொண்டே வந்தார்,
ஒன்றை உரித்து வாயில் போட்டார்.
"இனிப்பு. யார் மரம்?" மலாயில் கேட்டார்.

ரெங்கம்மாவும் மலாயிலேயே:
"கேஸ் முடியட்டும் தவ்கே,
சொல்றோம்."