நான்கு பூஜ்யங்கள்

தபா-ட்செக்காவில் ஆகஸ்ட் பனி
கதவின் அடியால் நுழைந்து
யாரும் கேட்காமலே முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது.
நான் கரும்பலகைக்காரன்.
மற்ற நாட்களில் கால்பந்து சொல்லித்தருபவன்.
கூட்டல் தெரிந்தால் போதும் என்று
அன்று கையில் சாக்கட்டியைத் திணித்துவிட்டார்கள்.

நான்கு பள்ளிகள், பள்ளிக்கு மூவர்,
கம்பளிப் போர்வையைத் தோளில் ஊக்குக் குத்திக்கொண்டு
ஏழாம் வகுப்பின் மேதைகள்.
மேசைக்கு ஒரு பொத்தான்.
மொலெஃபி செய்தது;
பழைய லாரிகளின் தொண்டையைப் பிடுங்கிப் பொருத்தியிருந்தான்.
அழுத்தினால் மலைப்பாதையில் யாரோ
வழி கேட்பது போலக் கத்தும்.

தங்கத்தின் குறியீடு?
ஏ-யூ.
நட்சத்திரமீனுக்கு எத்தனை மூளை?
ஒன்றுகூட இல்லை.
(பின்வரிசையில் ஒருவன் தன் அண்ணன் பெயரைச் சொன்னான்.
மதிப்பெண் தரவில்லை.)

பிறகு ந்தாட்டே மொலாப்போ அட்டையைத் திருப்பினார்:
"ஒரே ஒரு நாட்டால் முழுக்கச் சூழப்பட்ட..."
முடிக்கவில்லை.
நான்கு லாரிகளும் ஒரே நொடியில் அலற,
விளக்குகள் இரண்டுமுறை சிமிட்டி அணைந்தன.
எங்கோ ஃபியூஸ் கருகும் வாசனை.
இருட்டில் பன்னிரண்டு வாய்கள்
ஒரே பெயரைக் கத்தின.
தன் வீட்டு விலாசம் தெரியாதவன் உண்டா?

பதினொன்று.
பிறகுதான் எண்ணிப் பார்த்தோம்.
டிக்கெலெடி மட்டும்
"சான் மரீனோ" என்றிருந்தாள்.
சிரிப்பு அடங்கக் கொஞ்சம் நேரமாயிற்று.
அட்டையில் ஒரே பெயர்தான் இருந்தது.
நூலகத்து அம்மா டார்ச்சைத் தன் முகத்திலேயே அடித்துக்கொண்டு
"அதுவும் சரிதான்" என்றார்.
ஏன் அதைச் சொன்னாய் என்றதற்கு,
"நம்மைத்தான் எல்லாரும் சொல்வார்களே, சார்.
அதை யார் சொல்வார்கள்?"
எல்லா மேசைக்கும் ஐந்து போட்டேன்.
கூட்டல் சுலபமாகிவிட்டது.

மெழுகுவர்த்தி வந்தது.
பொத்தானுக்குப் பதில்
சமையற்கட்டிலிருந்து எனாமல் தட்டும் கரண்டியும்.
இனி தெரிந்தவர் தட்டலாம்.

கடைசிக் கேள்வி:
"ஒவ்வொரு நாட்டிலும் ஆகத் தாழ்ந்த ஓர் இடம் உண்டு.
அந்தத் தாழ்வு
மற்ற எல்லா நாட்டுத் தாழ்வையும்விட
உயரத்தில் இருப்பது எந்த நாட்டில்?"

மெழுகு சொட்டும் சத்தம் கேட்டது.
ஒரு தட்டு: நேபாளம்.
இல்லை.
ஒரு தட்டு: பூட்டான்.
இல்லை.
சுவிட்சர்லாந்து, என்றது மூன்றாவது, பாவம் போல.
நான்காம் மேசையில்
டிக்கெலெடி கரண்டியை உயர்த்தினாள்,
காற்றிலேயே வைத்திருந்தாள், இறக்கிவிட்டாள்.
நேரம் முடிந்தது.

அட்டையை மெழுகுவர்த்திக்கு அருகில் பிடித்து
ந்தாட்டே மொலாப்போ இருமுறை வாசித்தார்,
முதல்முறை தனக்காக.
"இந்த நாட்டில்தான்.
சென்கூ ஆற்றோடு மகாலெங் சேரும் இடம்.
ஆயிரத்து நானூறு மீட்டர்."

யாரும் கைதட்டவில்லை.
முன்வரிசையில் இருந்த பனிகூடக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தது.
டிக்கெலெடியின் ஊர் அந்தப் பக்கம்தான்.
காலையிலிருந்து மலைப் பிள்ளைகள் அவளைப்
பள்ளத்துக்காரி என்று கேலி செய்தபடி இருந்தார்கள்.
எழுந்து நின்றாள்.
"அங்கே கோடையில் வியர்க்கும், சார்"
என்றாள், எதிர்ப்பு போல.
"கழுதைகூட நிழல் தேடும்."
அட்டை அதற்குப் பதில் வைத்திருக்கவில்லை.

நான்கு பூஜ்யங்கள் எழுதினேன்.
பெரிதாக, வட்டமாக,
பனிக்காலத்தில் சாக்கட்டி நன்றாகவே எழுதும்.

இரண்டு பள்ளிகள் சமம். பரிசு ஒன்றே ஒன்று:
ஒரு பூகோள உருண்டை.
ஆறுமாதம் இங்கே, ஆறுமாதம் அங்கே என்று தீர்ப்பு.
முதல் முறை பள்ளத்துக்காரிக்கு.
பேருந்தின் கடைசி இருக்கையில்
போர்வைக்குள் அதை வைத்துக்கொண்டாள்,
குளிரும் என்று.
ஜன்னல் வழியே பார்த்தேன்:
எங்கள் நாட்டுக்குள் எங்கள் பெயர் பிடிக்காமல்
கடலில் எழுதி
ஒரு கோடு இழுத்திருந்தார்கள்.
அந்தக் கோட்டை நகத்தால்
பின்னோக்கித் தடவிக்கொண்டிருந்தாள்.

வண்டி இறக்கத்தில் இறங்கியது.
ஹாரன் இல்லை.
மொலெஃபி கழற்றியது
அதிலிருந்துதான் போலிருக்கிறது.