நூற்று மூன்று

ரொமான்ஷ் ஆற்றோரம். இரவு இரண்டே கால்.
மரிவோன் பெல்லா
நான்காவது மாதிரியைப் பிளாஸ்மாச் சுடருக்கு ஊட்டுகிறாள்.
சன்னலுக்கு வெளியே ஆலையின் நெடுங்கோபுரத்தில்
உருகிய உப்பு இறங்கிக்கொண்டிருக்கிறது,
ஆவி ஏறிக்கொண்டிருக்கிறது.
ஸிர்கோனியத்தை விட்டு ஹாஃப்னியம்
தட்டுத் தட்டாக விலகுகிறது,
பாகம் பிரித்த வீட்டில்
கடைசிப் பாத்திரத்தை
இருவரும் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல.

நிறுத்துப் பார்த்தால்
ஒன்று மற்றதைப்போல் கிட்டத்தட்ட இரட்டைப் பாரம்.
ஒன்றின் கருவில் நாற்பது புரோட்டான்,
மற்றதில் எழுபத்திரண்டு.
குறுக்களவு மட்டும் ஏறக்குறைய ஒன்றே.
ஒருவன் சட்டையை மற்றவன் போட்டுக்கொண்டு போகலாம்,
அமிலம்கூட ஆள்மாறாட்டத்தைப் பிடிக்கத் திணறும்.

எல்லாம் அந்தப் பதினான்கு பேரால்.
எஃப் கூட்டில் நடுவழியில் குடியேறியவர்கள்.
கருவுக்கும் கடைக்கோடி எலக்ட்ரானுக்கும் இடையே
நின்று மறைக்க வேண்டியவர்கள்,
மறைக்கத் தெரியாதவர்கள்.
இதழிதழாகப் பிரிந்து நிற்கிறார்கள்,
இடுக்கெல்லாம் வெளிச்சம்.
கருவின் இழுப்பு அவர்களுக்குள் நுழைந்து வந்து
விளிம்பில் திரிபவனைப்
பிடரியில் பிடிக்கிறது.
பருக்க வேண்டிய அணு
ஒடுங்கி உட்காருகிறது.

முன்பு இங்கே ஃபெரியோல் ஒருவர் போதும்.
தலைமை அலுவலகம் வரைக்கும் போய்
மேசையில் முழங்கை ஊன்றிப் பேசிவிட்டு வருவார்.
பாரிஸில் இடி இடித்தால்
இந்த அறையில் ஒரு கரண்டி கிணுங்கும்,
அவ்வளவுதான்.
அவர் ஓய்வு பெற்ற பிறகு
ஒருங்கிணைப்பாளர், துணை ஒருங்கிணைப்பாளர்,
தரத்துக்கு ஒருவர், காலக்கெடுவுக்கு ஒருவர்,
மன உளைச்சலுக்குக்கூட ஒருவர்,
செவ்வாய்க்கிழமை மட்டும்.
அவள் எண்ணிப் பார்க்கவில்லை.
பதினான்கு இருக்கும்.

திரையில் முடிவு வருகிறது:
பத்து லட்சத்தில் நூற்று மூன்று.
அனுமதி நூறு.
உலைக்குப் போனால் நியூட்ரான் தின்னும்
அந்த மூன்றும்.

கைப்பேசி அதிர்கிறது. இயக்குநர். நேராக.
'ஆறு மணிக்குச் சரக்கு வண்டி.'
உடனே இன்னொன்று:
'மறுபடி அளந்துதான் பாருங்களேன்.'

அளக்கிறாள்.
நூற்று மூன்று புள்ளி நான்கு.

பேனா எங்கோ போய்விட்டது.
குளிர்பதனப் பெட்டியின் மேல் கிடைக்கிறது.
பேரேட்டில் எழுதுகிறாள், புள்ளி நான்கையும் விடாமல்.
கையெழுத்து. நேரம்.
பிறகு கைப்பேசியை
எஃகு மேசையில் குப்புறக் கவிழ்க்கிறாள்.

அது அதிர்ந்து அதிர்ந்து
கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிறது,
விளிம்பை நோக்கி.